அபூ கலமூனும் மயில் கழுத்துப் பட்டும்

அரபு இலக்கிய வகுப்பில் பதீஉஸ் ஸமான் அல்ஹமதானியின் ‘மகாமாத்’ நூலிலிருந்து ஒரு பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். ஹிஜ்ரி 398இல் (கி.பி. 1008) மறைந்த ஹமதானி படைத்த அபுல் ஃபத்ஹ் என்னும் பாத்திரம், ஊர் ஊராகத் திரிந்து வேடம் மாற்றிப் பிழைக்கும் பாத்திரம். ‘மக்ஃபூஃபிய்யா’ என்ற மகாமாவில் அவன் பார்வையற்றவனாக நடித்துப் பொருள் ஈட்டுகிறான். குட்டு உடைந்தபோது தன்னைப் பற்றிச் சொல்ல அவன் எடுத்துக்கொள்ளும் பெயர் ‘அபூ கலமூன்’. அகராதிகள் இச்சொல்லுக்குத் தரும் பொருள், பார்க்கும் கண்களுக்குப் பல நிறங்களாகத் தோற்றம் தரும் ஒருவகை ரோம நாட்டுத் துணி என்பதாகும். இப்பொருளையே நான் ஆண்டுதோறும் சொல்லி வந்தேன். மாணவர்களும் ஓரத்தில் குறித்துக்கொள்வார்கள். பாடம் அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் கையை உயர்த்தினார். “ஒரே துணி பல நிறமாக எப்படித் தெரியும் உஸ்தாத்? அதை எப்படி நெய்திருப்பார்கள்?” என்று கேட்டார். அகராதி சொன்னதை மீண்டும் ஒருமுறை சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை, அமர்ந்துகொண்டார். அவர் காஞ்சிபுரத்துக்காரர், தகப்பனார் பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் தொழில் செய்பவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பியவர், உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டுத் துண்டை என் மேசைமீது வைத்தார். நீலம் என்று பார்த்தேன். அவர் அதை ஜன்னல் பக்கம் திருப்பியதும் பச்சையாயிற்று. “எங்கள் ஊரில் இதற்கு மயில் கழுத்து என்று பெயர் உஸ்தாத்” என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் சொல்லிக்கொடுத்த சொல்லின் பொருள் அன்றுதான் என் கைக்கு வந்தது. அந்த ஆண்டு ஷஃபான் விடுமுறை தொடங்கியதும் நான் காஞ்சிக்குப் பேருந்து ஏறினேன். ஐம்பதைத் தாண்டிய வயதில் நிறத்தைப் பற்றி அரிச்சுவடி படிக்கச் சென்ற ஒருவனின் குறிப்புகளாகவே இக்கட்டுரையை வாசகர்கள் கொள்ள வேண்டும்.

முதலில் போனது சாயப்பட்டறைக்கு. கச்சாப் பட்டு நாம் நினைப்பதுபோல் பளபளப்பானதன்று. புழு தன் கூட்டைக் கட்டும்போது இழையோடு சேர்த்து உமிழும் பசை அதன்மீது படிந்திருக்கும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்தப் பசையே. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் அதைக் கரைத்து நீக்கிய பிறகுதான் இழை ஒளிரத் தொடங்குகிறது, சாயத்தையும் ஏற்கிறது. ஒரு காலத்தில் அரக்கும் அவுரியும் தந்த நிறங்களை இப்போது செயற்கைச் சாயங்கள் தருகின்றன. ஆயினும் ‘அரக்கு’ என்ற பெயர் போகவில்லை. பூச்சியின் அரக்கிலிருந்து எடுத்த அந்த ஆழ்ந்த செம்மையைத் தமிழ்ப் பெண்கள் இன்றும் அதன் மூலப்பொருளின் பெயராலேயே கேட்டு வாங்குகிறார்கள்.

மாணவரின் தகப்பனார் ஈர நூலை முறுக்கிப் பிழிந்து, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் மாதிரி நூலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். உள்ளே மின்விளக்கு இருந்தது. ஆனால் அதன் கீழ் அவர் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஈர நூல் காய்ந்த நூலைவிடக் கருத்துத் தெரியும். அந்த வேறுபாட்டை மனத்தில் கழித்துக்கொண்டே ‘போதும்’ என்றோ ‘இன்னும் ஒரு முக்கு’ என்றோ சொல்ல வேண்டும். அவரிடம் எழுதிவைத்த கணக்கு ஏதும் இல்லை.

அடுத்து அவர் என்னைப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதிய நெசவாளரிடம் அழைத்துச் சென்றார். வீட்டின் நடுக்கூடத்தையே குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. தறியில் இருந்தது மயில் கழுத்து. நெடுக்காக ஓடும் பாவு முழுவதும் நீலம். குறுக்காக ஓடும் ஊடை பச்சை. அவ்வளவுதான். கலவைச் சாயம் எதுவும் அதில் இல்லை. நீலத்தைத் தொட்டியில் பச்சையோடு கலந்தால் கிடைப்பது மூன்றாவதாக ஒரு நிறம். அது எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாது. தறியில் குறுக்கும் நெடுக்குமாகக் கலந்தால் இரண்டும் தத்தம் நிறத்தோடு உயிருடன் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடக்கும் இழைகள், ஒரே திசையில் நிற்கும் கண்ணுக்கு ஒரே அளவு ஒளியை அனுப்புவதில்லை. துணி மடிந்தாலோ நாம் ஓரடி நகர்ந்தாலோ ஒன்று ஓங்க மற்றது அடங்குகிறது. பருத்தியிலும் இப்படி நெய்யலாம். ஆனால் பட்டிழைக்குள்ள மினுமினுப்பு அதற்கு இல்லாமையால் மாற்றம் மங்கலாகவே தெரியும்.

“நின்ன எடத்துலயே நின்னு பாத்தா தெரியாது பாய். இந்தப் பக்கம் வாங்க” என்று நெசவாளர் என்னைத் தறியைச் சுற்றி நடக்கவைத்தார்.

அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு இப்னுல் ஹைஸம் நினைவுக்கு வந்தார். பஸராவில் ஏறத்தாழ ஹிஜ்ரி 354இல் (965) பிறந்து, கெய்ரோவில் 430ஐ (1040) ஒட்டி மறைந்த அப்பேரறிஞரின் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூல் ஏழு பகுதிகளைக் கொண்டது. அதற்குக் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ எழுதிய ‘தன்கீஹுல் மனாழிர்’ என்ற விரிவுரையை ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் 1928 முதல் 1930 வரையிலான ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அச்சிட்டது. நான் ஓதிய மதரஸாவின் நூலகத்தில் அதன் ஒரு படி இருந்தது. தூசு தட்டும் நாளில் தவிர வேறு எப்போதும் அதை அலமாரியிலிருந்து யாரும் எடுத்து நான் கண்டதில்லை, நானும் எடுத்ததில்லை. மூலநூலின் முதல் மூன்று பகுதிகளை அப்துல் ஹமீத் ஸப்ரா செம்மைப்படுத்தி 1983இல் குவைத்தில் வெளியிட்ட பின், எம்.ஏ. படிப்பின்போது அதைப் புரட்டியிருக்கிறேன். அதில் ஓரிடத்தில் மயில் இறகையும் அபூ கலமூன் துணியையும் சேர்த்தே குறிப்பிடுகிறார் இப்னுல் ஹைஸம். அவை பகலின் வெவ்வேறு வேளைகளில், அவற்றின்மீது படும் ஒளிக்கேற்ப வெவ்வேறு நிறங்களாகத் தோன்றுவதைச் சொல்கிறார். கெய்ரோவில் இருந்துகொண்டு அவர் மயிலையும் துணியையும் அருகருகே வைத்தார். காஞ்சியில் யாரோ பெயர் தெரியாத ஒரு நெசவாளர் அத்தகைய துணிக்கு மயிலின் கழுத்தையே பெயராக வைத்தார். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியில்லை.

அந்த எடுத்துக்காட்டு எந்த விவாதத்தில் வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. நிறம் பொருளுக்கே உரியதா, அன்றி ஒளிக்கும் கண்ணுக்கும் இடையே தோன்றி மறையும் ஒன்றா என்பதே கேள்வி. நிறத்துக்கு மெய்ம்மை இல்லை என்போருக்கு மயில் இறகும் அபூ கலமூனும் வலுவான சான்றுகள் அல்லவா? இப்னுல் ஹைஸம் அவற்றை மறைக்காமல் எடுத்து வைத்துவிட்டு, நிறம் பொருளில் உள்ளதே என்றும், அது தோன்றும் விதம் ஒளியைச் சார்ந்தது என்றும் நிலைநாட்டுகிறார். மயில் கழுத்துத் தறியின் முன் நின்றால் இந்த முடிவு எளிதில் விளங்கும். நீல இழை நீலமே. பச்சை இழை பச்சையே. மாறுவது நம் நிலையும் வெளிச்சமுமே.

மயில் இறகின் கதை வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதன் ஒளிரும் நீலமும் பச்சையும் சாயத்தால் வந்தவை அல்ல. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருபவை. 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியால் மயில் இறகை ஆராய்ந்து எழுதிய பிறகே இந்த ஆராய்ச்சி தொடங்கியது. ஆகவே துணியும் இறகும் ஒரே காரணத்தால் நிறம் மாறுவதில்லை. இப்னுல் ஹைஸம் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தது தோற்றத்தின் அளவிலேயே பொருந்தும். முன்னோரின் பெருமை பேசுவோர் இத்தகைய இடங்களைத் தாண்டிச் சென்றுவிடுவதுண்டு. அவரே தமக்கு முந்திய அறிஞர்களின் நூல்களைச் சோதித்துப் பார்த்தே ஏற்றவர் என்பதால், அவ்வாறு தாண்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அபூ கலமூன் துணியை நேரில் கண்டு எழுதியவர் பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ். பதினொன்றாம் நூற்றாண்டின் நடுவில் எகிப்துக்குச் சென்ற அவர், மன்ஸலா ஏரியில் தீவாக இருந்த தின்னீஸ் நகரில் அது நெய்யப்பட்டதையும், பகலின் ஒவ்வொரு வேளையிலும் நிறம் மாறித் தோன்றியதையும், கிழக்குக்கும் மேற்குக்கும் அங்கிருந்தே அது போனதையும் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தின்னீஸ் இன்றில்லை. சிலுவைப் போர்களின் அச்சத்தால் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1227இல் சுல்தான் அல்மலிக் அல்காமிலின் ஆணைப்படி நகரம் இடிக்கப்பட்டது. தறிகள் போயின. ‘மகாமாத்’திலும் ‘மனாழிரி’லும் அகராதிகளிலும் சொல் மட்டும் எஞ்சியது. துணி இல்லாத அச்சொல்லைத்தான் நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன்.

நெசவாளரிடம் நான் கற்ற இரண்டாவது பாடம் இதற்கு நேர்மாறானது. மயில் கழுத்தில் நிறங்கள் கலக்க வேண்டும். கோர்வையில் கலக்கவே கூடாது. உடல் அரக்கு, கரை பச்சை என்று ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். சாதாரண முறையில் அரக்கு ஊடை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஓடும். ஆகவே கரையின் பச்சைப் பாவுக்குள்ளும் அரக்கு நுழைந்து பச்சையைக் கலங்கடித்துவிடும். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள். உடலின் ஊடை கரையின் எல்லையோடு நின்று, கரையின் ஊடையோடு பின்னிக்கொண்டு திரும்புகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் இந்தக் கோர்ப்பு நிகழ வேண்டும். இதனால் அரக்கு அரக்காகவும் பச்சை பச்சையாகவும் தூய்மை கெடாமல் நிற்கின்றன. தையல் இல்லாமலே இரு துணிகள் ஒன்றாகின்றன. முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமாயின் பாவையே மாற்ற வேண்டும். பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கும் அந்த வேலைக்குப் ‘பேட்னி’ என்று பெயர்.

“அரக்கு தனியா நல்லாத்தான் இருக்கும் பாய். பக்கத்துல எதை வெக்கப் போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க” என்றார் அவர், எந்த அரக்கு நல்ல அரக்கு என்று நான் கேட்டபோது. ஒரே நூல்கண்டை முதலில் கிளிப்பச்சைக்கு அருகிலும் பிறகு மாம்பழ மஞ்சளுக்கு அருகிலும் வைத்துக் காட்டினார். பச்சைக்கு அருகில் அது நெருப்பாக எழுந்தது. மஞ்சளுக்கு அருகில் கருத்து அடங்கியது. நூல்கண்டை மாற்றிவிட்டாரோ என்று நான் ஐயுற்றதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிரான்சில் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப்பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற வேதியியலார் செவ்ரலிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று முறையீடு வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறை காணவில்லை. அருகில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே கறுப்பை வெளிறச் செய்தன என்று கண்டார். 1839இல் அவர் வெளியிட்ட நூலே இன்றுவரை ஓவியக் கல்லூரிகளின் நிறப் பாடத்துக்கு அடித்தளமாக உள்ளது. அதற்கு எண்ணூறு ஆண்டுகள் முன்பே இப்னுல் ஹைஸம், ஒரே சாயத்தாலான புள்ளிகள் வெண்மையின்மீது கருத்தும் கருமையின்மீது வெளுத்தும் தோன்றுவதை எழுதியுள்ளார். செவ்ரலுக்கு ஓர் ஆலை ஆசானாயிற்று. எனக்கு ஒரு வீட்டின் நடுக்கூடம்.

இங்கே நம் கல்விமுறையைப் பற்றி ஒரு சொல். பட்டு என்பது மதரஸாவில் எங்களுக்கு ஃபிக்ஹுப் பாடத்தில் ‘கிதாபுல் லிபாஸ்’ வழியாக அறிமுகமாயிற்று. ஆண்களுக்கு அது விலக்கப்பட்டது. உமர் (ரலி) அவர்கள் வழியாக வந்து முஸ்லிமில் இடம்பெற்றுள்ள அறிவிப்பின்படி இரண்டு, மூன்று அல்லது நான்கு விரலளவு கரைக்கு அனுமதி உண்டு. பட்டும் பருத்தியும் கலந்த துணியின் சட்டம் என்ன, பாவு எது, ஊடை எது என்றெல்லாம் மணிக்கணக்கில் ஓதினோம். குஜராத்தின் பாட்டனிலும் மாண்டவியிலும் நெய்யப்படும் ‘மஷ்ரூ’ துணி, உடலில் படும் பக்கம் பருத்தியும் வெளிப்பக்கம் பட்டுமாக அமைந்து, ‘அனுமதிக்கப்பட்டது’ என்னும் பொருளுடைய அச்சட்டச் சொல்லையே பெயராகப் பெற்றது. நெசவாளர்கள் சட்டத்தைப் புரிந்துகொண்டு ஒரு துணியையே கண்டுபிடித்தார்கள். சட்டத்தை ஓதிய நாங்களோ பாவையும் ஊடையையும் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் திருமணப் பட்டு எடுக்கப் போகும்போது, அன்னப்பட்சியும் யாளியும் வேண்டாம், மாங்காயும் கொடியும் கட்டமும் காட்டுங்கள் என்று கேட்டு, நிறம் பார்த்து, மடித்துப் பார்த்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தேர்ந்தெடுப்பார்கள். ஆண்கள் கடை வாசலில் அமர்ந்து அதை வீண் பொழுதென்று முணுமுணுப்போம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஃபாத்திர் அத்தியாயத்தின் 27, 28 ஆம் வசனங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆலிம்களின் சிறப்பைக் கூற நாம் மேடைதோறும் எடுத்தாளும் வசனப் பகுதி அங்கேதான் உள்ளது. அதற்கு முன்னால் பேசப்படுவது என்ன? கனிகளின் பல்வேறு நிறங்கள், மலைகளில் ஓடும் வெள்ளை, சிவப்பு, கரும் வரிகள், மனிதரிலும் விலங்கிலும் கால்நடையிலும் உள்ள நிற வேறுபாடுகள். நிறங்களை வரிசைப்படுத்திய பிறகே அறிவுடையோர் குறிப்பிடப்படுகின்றனர். தஃப்ஸீர் வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போது நான் ‘அல்வான்’ பன்மை, அதன் ஒருமை ‘லவ்ன்’ என்று இலக்கணம் சொல்லிக் கடந்திருக்கிறேன்.

வடிவமைப்பைப் பற்றியும் சிறிது அறிய விரும்பினேன். ஓவியர் கட்டமிட்ட தாளில் வரைகிறார். ஒவ்வொரு சிறு கட்டமும் இழைகள் குறுக்கிடும் ஓரிடம். நிரப்பிய கட்டத்தில் ஜரிகை மேலே எழும். முற்காலத்தில் ‘அடை’ என்னும் கயிற்றுக் கட்டு முறையால் இழைகளைத் தூக்கினர். பிறகு ஜக்கார்டு கருவியும் துளையிட்ட அட்டைகளும் வந்தன. இப்போது பலர் கணினியில் வரைகின்றனர். கட்டத்தை எண்ணி எண்ணி ஒரு மல்லி மொக்கு உருவாவதைப் பார்த்தபோது, எழுதுகோல் முனையின் ஒரு புள்ளியை அளவாகக் கொண்டு அலிஃபின் உயரத்தையும் மற்ற எழுத்துகளின் வளைவையும் வரையறுத்த நம் கையெழுத்துக் கலை நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 328இல் (940) மறைந்த இப்னு முக்லாவோடு அம்முறை இணைத்துப் பேசப்படுகிறது. இப்னுல் ஹைஸமும் பார்வையால் அறியப்படும் இருபத்திரண்டு பண்புகளை எண்ணி, அழகு அவற்றின் சேர்க்கையிலிருந்து பிறக்கும் விதத்தைக் கூறுமிடத்தில் எழுத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறார். உறுப்புகளின் பொருத்தத்துக்கு அவர் ஆளும் சொற்களில் ஒன்று ‘இஃதிலாஃப்’. இணங்கிச் சேர்தல் என்று பொருள். அதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்தேன். இனி என் வகுப்பில் அதற்குக் கோர்வை என்றே சொல்வேன்.

காஞ்சிப் பட்டு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்குக் காப்பு உண்டு. கைக்கு உண்டா என்பதே நெசவாளர்களின் கவலை. கோர்வைக்கு மறு ஓரத்தில் அமர்ந்து கரை நாடாவை எறிய இன்னொருவர் வேண்டும். முன்பு வீட்டுப் பிள்ளைகள் அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். இப்போது பள்ளிக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. நான் கண்ட தறியில் அந்த இடத்தில் இருந்தவர் நெசவாளரின் மனைவி. மகன் சென்னைப் புறநகரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார். ஒரு கோர்வைச் சேலைக்குப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது என்றும், அந்தக் கூலியை மகனின் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பேச முடியாது என்றும் அந்த அம்மையார் சொன்னார். மகன்மீது இருவருக்கும் குறை ஏதுமில்லை.

தின்னீஸில் துணி அழிந்து சொல் நின்றது. இங்கே துணி இன்னும் நிற்கிறது. அதைச் செய்வோரின் சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. ஆகவே அந்த மாணவரும் நானும் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நூல்துண்டு ஒட்டி, பட்டறையில் வழங்கும் பெயரை அருகில் எழுதி, அதற்கு அரபு நூல்களில் இணையான சொல் உண்டானால் அதையும் சேர்க்கிறோம். வெங்காயத் தோலின் நிறம், வாடாமல்லி, மாந்துளிர் என்று பக்கங்கள் நிரம்பி வருகின்றன. அரபுப் பத்தி பல இடங்களில் வெறுமையாகவே இருக்கிறது.

சென்ற முறை போனபோது நெசவாளர், “ஒங்க அரபுக்காரங்க இதுக்கு என்னமோ பேரு சொன்னீங்களே பாய்?” என்று கேட்டார். அபூ கலமூன் என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், நாக்கில் நிற்கவில்லை. சிரித்துவிட்டு நாடாவைக் கையில் எடுத்தார். ஷவ்வால் பிறந்து வகுப்புகள் தொடங்கிவிட்டதால் பேட்னி பிணைப்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. தறியில் இப்போதுள்ள பாவு முடியும் நாளைத் தொலைபேசியில் சொல்வதாக அந்த அம்மையார் கூறியிருக்கிறார்.